சிறுகதையா, நாவலா? எழுதத் தொடங்கும் முன் கருவை எடைபோடுவது எப்படி

எழுத உட்காருகிறவர்களில் பலர் தங்கள் வசதியைப் பார்த்தே வடிவத்தை முடிவுசெய்கிறார்கள். நேரம் இல்லை, சிறுகதை எழுதலாம். பெயர் போட்ட புத்தகம் வர வேண்டும், நாவல் எழுதலாம். இரண்டும் பாதி வழியில் காலை வாரிவிடுகிற காரணங்கள். கையில் இருக்கும் கரு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எழுதுகிறவர் எவ்வளவு நாள் தாங்குவார் என்பது அடுத்த கேள்வி. இரண்டையும் எழுதத் தொடங்கும் முன்பே, ஒரு வாரத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட முடியும்.

அளவு

அறிவியல் புனைகதைக்கான நெபுலா விருதில் 7,500 சொற்களுக்குக் கீழே இருந்தால் சிறுகதை, 17,500-க்குக் கீழே நெடுங்கதை, 40,000-க்குக் கீழே குறுநாவல், அதற்கு மேல் நாவல். இது ஆங்கிலக் கணக்கு. தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதை ஆங்கிலத்தில் சொல்ல ஆறேழு சொற்கள் பிடிக்கும். தமிழில் எழுதுகிறவர் சிறுகதைக்கு 1,200 முதல் 3,500 சொற்கள், குறுநாவலுக்கு 10,000 முதல் 25,000, நாவலுக்கு 35,000-க்கு மேல் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். வழக்கமான அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 200 சொற்கள் பிடிக்கும் என்பதால், 50,000 சொல் நாவல் 250 பக்கம் வரும்.

அளவைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842-இல் எழுதிய ஒரு விமர்சனத்தில், அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே அமர்வில் படித்து முடிக்கும் கதைக்குத் தனி வலிமை உண்டு என்றார். இடையில் எழுந்து போகாத வாசகர் முழுக்கக் கதையின் பிடியில் இருக்கிறார் என்பது அவர் வாதம். எழுதுகிறவருக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம்: சிறுகதை வாசகர் எதையும் மறப்பதில்லை. முதல் பத்தியில் வந்த ஒரு குடை கடைசிப் பத்தியில் மறுபடி வந்தால் அது போதும். நடுவில் இன்னொரு முறை காட்டினால் துருத்திக்கொண்டு நிற்கும். நாவல் வாசகர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தூங்குகிறார், நான்கு நாள் கழித்து வந்து திறக்கிறார். அதே குடையை 20-ஆம் பக்கத்தில் ஒருமுறை காட்டிவிட்டு 230-ஆம் பக்கத்தில் அதன்மேல் கதையை ஏற்றிவைத்தால், 'எந்தக் குடை?' என்பார். இடையில் இரண்டு முறையாவது, ஒவ்வொரு முறையும் வேறொரு வேலையாக, அது வந்துபோயிருக்க வேண்டும். நினைவை எப்படிக் கையாளுவது என்பதில்தான் இரண்டு வடிவங்களும் பிரிகின்றன. பக்க எண்ணிக்கை அதன் விளைவு.

கருவைச் சோதித்தல்

ஒரு கருவை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம். அண்ணனும் தம்பியும் பெற்றோர் இருந்த வீட்டை விற்கப்போகிறார்கள். அறைக் கதவின் நிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் இருக்கின்றன. இருவர் பெயரில் கோடுகள் தலைக்கு மேல்வரை ஏறிப் போகின்றன. மூன்றாவதாக 'கலா' என்று ஒரு பெயர். அந்தக் கோடுகள் இடுப்புக்குச் சற்று மேலே நின்றுவிட்டன.

முதல் சோதனை, முடிவுக்குப் பின் என்ன என்று கேட்பது. கதை முடிகிற இடமாக உங்களுக்குத் தோன்றும் காட்சியை ஐந்தாறு வரியில் எழுதுங்கள். பெயிண்டர் வந்து நிற்கிறார், கோடுகள் மறையப்போகின்றன, அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் ஏதோ செய்கிறார் அல்லது சொல்கிறார். இப்போது, 'மறுநாள் காலையில் என்ன நடந்தது?' என்று உங்களையே கேளுங்கள். பதில் சொன்னால் அந்த முடிவு நீர்த்துப்போகும் என்று தோன்றினால் அது சிறுகதை. மறுநாளும் அதற்கடுத்த மாதமும்தான் உண்மையான கதை, இது வெறும் வாசல் என்று தோன்றினால் நாவலுக்கான கரு.

இரண்டாவது, கதையில் வரும் ஒவ்வொருவரிடமும் கதையை ஒப்படைத்துப் பார்ப்பது. வீட்டை வாங்குகிறவர் பார்வையில் இந்தக் கோடுகள் என்ன? உயிரோடு இருந்தால், அம்மாவுக்கு? அண்ணன் மனைவிக்கு? யாரிடம் கொடுத்தாலும் தம்பியின் கதையாகவே திரும்பி வருகிறதென்றால் கரு ஒரே ஆளைச் சுற்றி இறுகியிருக்கிறது. சிறுகதைக்கு அது நல்லது. ஒவ்வொருவரும் வேறு வேறு விஷயத்தை மறைக்கிறார்கள், ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது என்று விரிந்தால், நாவல் நடக்க இடம் இருக்கிறது.

மூன்றாவது சோதனை கொஞ்சம் உடம்பை வருத்தும். நல்ல வழிகாட்டி இதுதான். அஞ்சலட்டை அளவில் காகிதத் துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக்கு ஒரு காட்சி. அதில் மூன்று வரி மட்டும்: யார் என்ன வேண்டும் என்று உள்ளே வருகிறார், எது தடுக்கிறது, காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது. ஒரு காட்சி சராசரியாக 1,200 முதல் 1,500 சொற்கள் வரும் என்று வைத்தால், 50,000 சொல் நாவலுக்கு 35 முதல் 40 துண்டுகள் வேண்டும். இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். மூன்று துண்டில் முடிந்துபோனால் சிறுகதை. பத்துப் பன்னிரண்டில் நின்றால் குறுநாவல். 25-ஐத் தாண்டியும் கை ஓடிக்கொண்டிருந்தால் மிச்சம் எழுத எழுத வரும். நாற்பதும் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

துண்டு எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக 'அவன் பேருந்தில் போகிறான், பழையதை நினைக்கிறான்' என்று எழுதினால் சோதனை கெட்டுவிடும். மூன்றாவது வரி காலியாக இருக்கும் துண்டை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

ஒரே கரு இரண்டு வடிவத்திலும் வர முடியுமா? முடியும், ஆனால் உள்ளே ஏதாவது ஒன்றை உடைக்க வேண்டியிருக்கும். ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' சிறுகதையில், கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். கதை அங்கே மூடிக்கொள்கிறது. 1970-இல் வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் தாய் அப்படிச் செய்யவில்லை. விஷயம் வெளியே தெரிந்து, பெண் வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகிறாள். சிறுகதையை மூடிய அதே செயலை எடுத்துவிட்டதால்தான் நாவலுக்கு வழி திறந்தது. சிறுகதையை நாவலாக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையில் போகிறார்கள்: முடிவை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் 200 பக்கம் சேர்க்கிறார்கள். அந்த 200 பக்கமும் காத்திருப்பு அறையாகிவிடுகிறது.

சிறுகதை என்று முடிவானால்

பெரும்பாலான முதல் சிறுகதைகள் ஒரே நோயால் சாகின்றன. நாவலுக்கான விஷயத்தை ஐந்து பக்கத்தில் ஒப்பிக்கிறார்கள். இப்படி:

'முரளிக்கும் சேகருக்கும் நடுவில் கலா என்றொரு தங்கை இருந்தாள். ஆறு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். அதன்பிறகு அம்மா யாருடனும் பேசவில்லை. அப்பா அடிக்கடி வெளியூர் போகத் தொடங்கினார்.'

நான்கு வாக்கியம், நான்கு அத்தியாயம். (போதாததற்கு முதல் வாக்கியத்தில் ஒரு பிழை: கலா முரளிக்குத்தான் தங்கை, சேகருக்கு அக்கா.) எல்லாம் தெரிந்துவிட்டது, ஒன்றும் மனதில் தங்கவில்லை. அதே விஷயம், ஒரே மதியத்துக்குள் அடங்கினால்:

'"இந்த நிலையில இருந்து ஆரம்பிச்சுடவா சார்?"

முரளி தலையாட்டினான்.

"அந்த ரூம்ல இருந்து ஆரம்பிங்க," என்றான் சேகர். "இது கடைசியா இருக்கட்டும்."

பெயிண்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டார்.'

கலாவின் பெயரே வரவில்லை. அந்தப் பெயர் எங்கே முதன்முதலாக உச்சரிக்கப்பட வேண்டும், யார் வாயிலிருந்து வர வேண்டும் என்பதுதான் இனி இந்தக் கதையின் முழு வடிவப் பிரச்சினை. அதைத் தீர்த்துவிட்டால் கதை முடிந்தது.

நடைமுறையில் கைக்கொள்ள வேண்டியவை சில. ஒரு பார்வைக் கோணம். இரண்டாவது ஆளின் மனதுக்குள் ஒரு வாக்கியம் எட்டிப் பார்த்தாலும் வாசகர் எழுதுகிறவரைப் பார்த்துவிடுவார். பெயர் உள்ள பாத்திரங்கள் மூன்று, மிஞ்சினால் நான்கு. பெயிண்டருக்குப் பெயர் வேண்டாம்: பெயர் வைத்தால் வாசகர் அவரை நினைவில் வைத்துக்கொண்டு, அவருக்கு ஏதோ நடக்கும் என்று காத்திருப்பார். கதை நிகழும் காலம் எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு நல்லது. 30 ஆண்டை அடக்கும் சிறுகதைகளும் உண்டு. ஆனால் அவற்றில் ஆண்டுகள் ஒரு பத்தியில் கடந்துபோய், எடை முழுக்க இரண்டு மூன்று காட்சிகளில் விழுகிறது. புதியவர் கைக்கு அது அடங்காது.

எழுதி முடித்ததும் முதல் பத்தியை மறைத்துவிட்டு இரண்டாவது பத்தியிலிருந்து படியுங்கள். பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் கதை அங்கேதான் தொடங்கியிருக்கும். கடைசிப் பத்தியையும் அப்படியே மறைத்துப் பாருங்கள். கதையின் பொருளை விளக்கும் வாக்கியம் அந்தக் கடைசி மூன்று வரிக்குள்தான் ஒளிந்திருக்கும். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். 2,000 சொல் கதைக்கு ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். நாக்கு இடறும் இடத்தில் நிறுத்தித் திருத்தாதீர்கள், ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டுக் கடைசிவரை போய்விடுங்கள். சிறுகதையின் வேகம் தொடர்ந்து படித்தால் மட்டுமே காதில் விழும்.

நாவல் என்று முடிவானால்

இங்கே ஆபத்து நடுவில் இருக்கிறது. முதல் 10,000 சொற்கள் சுலபமாக ஓடும். 12,000-க்கும் 18,000-க்கும் இடையில் எங்கோ வண்டி நின்றுவிடும். கைவிடப்பட்ட நாவல்கள் அதிகம் கிடப்பது இந்தச் சாலையோரத்தில்தான். சோம்பலோ எழுத்துத் தடையோ காரணம் என்று எழுதுகிறவர் நினைத்துக்கொள்கிறார். பெரும்பாலும் காரணம் எளிமையானது: தொடக்கத்தில் இருந்த நிலைமையைச் சொல்லி முடித்தாயிற்று, முடிவோ இன்னும் தொலைவில் இருக்கிறது, நடுவில் யாருக்கும் அவசரமாக எதுவும் வேண்டியதில்லை.

கோடுகள் கதையில், கலா யார், எப்படி இறந்தாள் என்ற கேள்வியை மட்டும் வைத்து 250 பக்கம் இழுக்க முடியாது. மூன்றாவது அத்தியாயத்தில் வாசகர் ஊகித்துவிடுவார், அல்லது எழுதுகிறவர் செயற்கையாக மறைக்க வேண்டியிருக்கும். குறைந்தது இரண்டு இழைகள் வேண்டும், ஒன்றின் முடிச்சு மற்றதை இறுக்க வேண்டும். வீடு விற்பதற்கு ஒரு கெடு இருக்கிறது. முரளிக்கு அந்தப் பணம் கட்டாயம் தேவை. சேகர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிறான். காரணத்தை அவனால் சொல்ல முடியவில்லை. இப்போது கலாவைப் பற்றிச் சேகர் தெரிந்துகொள்ளும் ஒவ்வொன்றும் விற்பனையைத் தள்ளிப்போடுகிறது, தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் முரளியை எதையோ சொல்லிவிடும் நிலைக்குத் தள்ளுகிறது. நடுப்பகுதி தானாக நகரும்.

எழுதத் தொடங்கும் அன்றே ஒரு தொடர்ச்சிப் பட்டியல் போட்டுவிடுங்கள். பள்ளி நோட்டில் இரண்டு பக்கம் போதும். ஒவ்வொருவரின் பிறந்த ஆண்டு, கதை நடக்கும் ஆண்டில் வயது, வீட்டின் எந்த அறை எந்தப் பக்கம், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள். கடைசியில் சொன்னது சாதாரணமாகத் தெரியும், ஆனால் 4-ஆம் அத்தியாயத்தில் 'நீ' என்று பேசிய மருமகள் 15-இல் 'நீங்க' என்றால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது என்று வாசகர் தேடுவார். வயதுக் கணக்கில் விழும் ஓட்டை இன்னும் மோசம். கலா இறந்தபோது அவளுக்கு 6, முரளிக்கு 8, சேகருக்கு 3 என்று பட்டியலில் இருக்கிறது. அப்படியானால் சேகர், அக்கா தனக்குச் சொன்ன கதைகளை வரிவரியாக நினைவுகூரும் காட்சி நிற்காது. காட்சியை வெட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். தன் நினைவு என்று சேகர் இத்தனை நாள் நம்பியது எல்லாம் முரளி சொல்லிக் கேட்டதாக இருக்கலாமே? தவறாக வந்து விழுந்த ஒரு எண், நடுப்பகுதிக்குத் தேவையான திருப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. பட்டியல் இல்லாதவருக்குத் தவறும் தெரியாது, திருப்பமும் கிடைக்காது.

முதல் வரைவு முடியும்வரை முதல் அத்தியாயத்தைத் திருத்தக் கூடாது. 12 முறை செதுக்கிய முதல் அத்தியாயத்தை, கடைசி அத்தியாயம் எழுதிய மறுநாள் தூக்கிப்போட வேண்டி வரும், மனம் வராது. திருத்தத் தோன்றும்போதெல்லாம் தனித் தாளில் குறித்துவைத்துவிட்டு, அந்தத் திருத்தம் ஏற்கெனவே செய்யப்பட்டதாக வைத்துக்கொண்டு மேலே எழுதுங்கள். 9-ஆம் அத்தியாயத்தில் அம்மாவை உயிரோடு கொண்டுவரத் தோன்றினால், 10-ஆம் அத்தியாயத்தில் அவர் உட்கார்ந்து பேசலாம். பின்னால் போய்ச் சரிசெய்வது இரண்டாம் வரைவின் வேலை.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் அதிர்ச்சியில் முடிப்பது தொடர்கதையின் பழக்கம். வாரம் ஒரு முறை வாசகரை இழுத்து வர அது தேவைப்பட்டது. புத்தகமாகத் தொடர்ந்து படிக்கும்போது, 20 அத்தியாயமும் கதவு தட்டப்படும் ஓசையில் முடிந்தால் சிரிப்புதான் வரும்.

நாள்காட்டிக் கணக்கு

ஒரு நாளைக்கு 400 சொற்கள், வாரம் 5 நாள் என்றால் வாரத்துக்கு 2,000. 50,000-க்கு 25 வாரம். உடம்பு, வேலை, விசேஷம் என்று 3 வாரம் போகும். முதல் வரைவை ஒரு மாதம் தொடாமல் வைக்க வேண்டும். இரண்டாம் வரைவு ஒரு நாளைக்கு 1,000 சொல் வேகத்தில் 10 வாரம், மெய்ப்புப் பார்த்துச் சொற்களைச் சீராக்க 5 வாரம். கூட்டினால் 47 வாரம். ஆக, ஒழுங்காக எழுதுகிறவருக்கே ஏறக்குறைய ஓர் ஆண்டு. அந்த ஓர் ஆண்டில் யாரும் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லப்போவதில்லை. இதைத் தாங்க முடியாதவர்கள் உண்டு. அவர்கள் கருவை மாற்றிக்கொள்வதே மேல்.

சிறுகதைக்கு முதல் வரைவு ஒரு வாரம், இரண்டு வாரம் ஆறப்போடுவது, திருத்தம் இரண்டு வாரம். ஒன்று ஆறும்போது அடுத்ததைத் தொடங்கலாம் என்பதால், ஆண்டுக்கு 10 அல்லது 12 கதை வரை முடியும். 12 கதைகளுக்குத் தலா 2,200 சொல் என்றால் 26,400. ஏறக்குறைய 130 பக்கத் தொகுப்பு. அதனால் புத்தகம் வேண்டும் என்பதற்காக நாவலுக்குப் போக வேண்டியதில்லை. நாவலுக்கும் ஓர் ஆண்டு, தொகுப்புக்கும் ஓர் ஆண்டுதான். ஒரு வேறுபாடு மட்டும்: 12 கதைகளில் 12 முறை தோற்றுக் கற்கலாம், நாவலில் ஒரே தோல்வி, அதுவும் ஓர் ஆண்டு கழித்துத்தான் தெரியும். முதன்முதலாக எழுதுகிறவர், கரு இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கினால், சிறுகதைப் பக்கம் சாய்வது நல்லது.

நடுவழியில் மாற வேண்டி வந்தால்

சிறுகதை 5,000 சொல்லைத் தாண்டியும் முடியவில்லை என்றால் வெட்டத் தொடங்காதீர்கள். எந்தக் காட்சியை வெட்ட மனம் வரவில்லை என்று பாருங்கள். அது முதன்மைப் பாத்திரத்தின் காட்சியாக இருந்தால் மற்றதை வெட்டலாம். வேறு யாருடைய காட்சியாகவோ இருந்தால் குறுநாவல் முளைக்கிறது என்று பொருள், விட்டுவிடுங்கள், வளரட்டும்.

எதிர்த்திசை கொஞ்சம் வலிக்கும். 15,000 சொல்லில் நின்றுபோன நாவலை எடுத்து, கைப்படத் திரும்ப எழுத விரும்பும் ஒரே காட்சியைத் தேடுங்கள். கோப்பிலிருந்து வெட்டி ஒட்டக் கூடாது. நாவலுக்காக எழுதிய வாக்கியங்களில் வராத அத்தியாயங்களுக்கான முன்குறிப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கோப்பை மூடிவிட்டு, அந்தக் காட்சியை நினைவிலிருந்து, 2,000 சொல்லுக்குள், புதிதாக எழுதுங்கள். மறந்துபோன விவரங்களைத் தேடி எடுத்துச் சேர்க்க வேண்டாம். பழைய கோப்பை அழிக்கவும் வேண்டாம். அதில் இன்னும் இரண்டு மூன்று பேர் கதை கிடைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.